பேர் வரும் வரை நிலுவை

“கப்பலா, விமானமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பெரியவரே.”

“ரெண்டும்தாம்மா.”

“ரெண்டும்னு எழுத இங்க இடம் இல்லை.”

தாலுகா ஆபீஸில் வாய்க்கால் புறம்போக்குக் கோப்புகளைப் பார்க்கிற எழுத்தர் சுடர்விழி, விண்ணப்பத்தைத் திருப்பி ரெத்தினத்தின் பக்கமாக நகர்த்தினாள். மூன்று கட்டங்கள் இருந்தன. தரைப்படை, கடற்படை, வான்படை. ரெத்தினம் மூன்றையும் பார்த்தார். மூன்றில் எதிலும் அவர் மகன் உட்காரவில்லை.

மகன் பகலவன் கடற்படையில் சேர்ந்தவன். ஆனால் கப்பல் ஓட்டப் போகவில்லை. கப்பல் மேலிருந்து எழும்பிப் பறக்கிற ஹெலிகாப்டருக்கு மெக்கானிக். போன ஐப்பசியில் அந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அவன் சம்பளத்தில் வாய்க்கால் கரையில் எழும்பிய ரெண்டு அறை, தளம் போட்ட வீடுதான் கிடைத்தது. ரெத்தினத்தின் பரம்பரையில் மழைக்கு ஒழுகாத முதல் வீடு அது.

இப்போது கரை முழுக்கக் காங்கிரீட் போடப் போகிறார்கள். கரையில் இருக்கிற வீடுகளை எல்லாம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதே உத்தரவில் ஒரு சலுகை. நாட்டுக்காக உயிர் கொடுத்த தரைப்படை, கடற்படை, வான்படை வீரர் குடும்பம் என்றால் வீட்டுக்கே பட்டா கொடுத்துவிட்டு, கரையை வளைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

“கடற்படையில போட்டுடுங்கம்மா. அங்கதானே சம்பளம் வாங்கினான்.”

“போட்டுடலாம். நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவர், கப்பல்ல இருந்தவன் ஆகாயத்துலேர்ந்து எப்படி விழுந்தான்னு கேட்பார். நான் பதில் சொல்லணும்.”

“அப்ப வான்படையில போடுங்க.”

“அதுவும் போடலாம். வான்படைக்கு எழுதிக் கேட்பாங்க. அப்படி ஒரு ஆள் எங்ககிட்ட இருந்ததே இல்லைன்னு பதில் வரும். அப்புறம் உங்க புள்ளை செத்ததே பொய்னு ஆயிடும். தேவையா?”

“தேவையில்லைங்க.”

“சான்றிதழ்ல என்ன இருக்குன்னு பாருங்க. நேவல் ஏர் ஆர்ம். இதைத் தமிழ்ல என்னன்னு எழுதணும். நானா ஒரு பேர் போடக்கூடாது. தஞ்சாவூர்ல இதுக்குன்னே செஞ்சொல் நடுவம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அவங்க பேர் வச்சு அனுப்பணும். அதுவரைக்கும் உங்க கோப்பு நிலுவை.”

“வீடு?”

“வீடும் நிலுவை. நிலுவையில இருக்குற வீட்டு மேல ஒருத்தரும் கை வைக்க முடியாது. நிம்மதியாப் போங்க.”

சுடர்விழி இதை அக்கறையோடுதான் சொன்னாள். ரெத்தினமும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி வேம்பு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“நம்ம புள்ளை இருந்த படைக்குப் பேர் வைக்கணுமாம்.”

“பேரு வைக்காத படையிலயா அவனைக் கொண்டுபோய் விட்டோம்?”

“இங்கிலீஷ்ல பேர் இருக்காம். தமிழ்லதான் இல்லையாம்.”

வேம்பு முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “பூதலூர் ஸ்டேஷன்ல ரயில் ஏத்திவிட்டப்பவே கேட்டிருக்கணும்” என்றாள்.

*

செஞ்சொல் நடுவம் பெரிய கட்டடம். வாசலில் கோபுரம் மாதிரி ஒரு வளைவு, ரெண்டு பக்கமும் சிமெண்டு யானை. உள்ளே நுழைந்ததும் ஒரு முக்காலி. முக்காலியில் ஓர் ஊழியர். கையில் பித்தளை மணி.

“யாரைப் பார்க்க வேண்டும்?”

“டைரக்டர் ஐயாவைங்க.”

ஊழியர் மணியை அடித்தார். ரெத்தினம், உள்ளே இருப்பவருக்குத் தகவல் போகிறது என்று நினைத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“எதற்காகப் பார்க்க வேண்டும்?”

“தாலுகா ஆபீஸ்ல அனுப்பிச்சாங்க. ஒரு பைல் பத்தி…”

மணி ரெண்டு தடவை அடித்தது. கொஞ்சம் யோசித்து மூன்றாவது தடவையும் அடித்தார். ‘தாலுகா’வை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

“பெரியவரே, இந்த வளாகத்துக்குள்ள பிறமொழிச் சொல் வந்தா மணி அடிக்கணும். அதான் எனக்கு வேலை. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் எப்படித்தான் பேசறதுங்க?”

“அது எனக்குத் தெரியாது. எனக்கு அடிக்க மட்டும்தான் தெரியும்.”

இயக்குநர் முனைவர் செழியன் அறையில் இருந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. சான்றிதழைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல வழக்கு. மிக நல்ல வழக்கு. இதுவரை இப்படி ஒன்று எங்களிடம் வந்ததில்லை. நீங்கள் யார்?”

“செத்துப்போன பையனோட அப்பாங்க.”

“மகிழ்ச்சி. உட்காருங்கள். கடற்படைக்குள் பறக்கிற ஒரு கிளை. பாருங்கள், இதே மண்ணிலிருந்துதான் சோழன் கப்பல் ஏறிக் கடாரம் போனான். அவனுடைய கடற்படையிலும் பறக்கிற கிளை ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதற்குரிய சொல் அழிந்துவிட்டது. சொல் அழிந்ததால் சான்றும் அழிந்துவிட்டது. நாம் சொல்லை மீட்டால் சான்று தானே வரும்.”

“ஐயா, வீட்டை இடிக்கப் போறாங்க. புரியுற மாதிரி ஏதாவது ஒரு பேர் எழுதிக் குடுத்தீங்கன்னா…”

செழியன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“புரிகிற மாதிரி ஒரு பேரை இந்த நொடியிலேயே என்னால் தர முடியும். அப்புறம் இந்த நடுவம் எதற்கு? இந்தக் கட்டடம் எதற்கு? என்னை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.”

ரெத்தினம் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

“குழந்தை பிறக்கவே பத்து மாதம். ஒரு சொல் பிறக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகும். போய் வாருங்கள்.” கதவுவரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே திரும்பி, “தம்பி, ரெண்டு டீ” என்றார்.

மணிக்காரர் ஜன்னலுக்கு வெளியே சிமெண்டு யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பேர் வைக்கிற குழு கூடிய அன்று ரெத்தினத்தையும் வேம்புவையும் வரச்சொல்லியிருந்தார்கள். நீளமான மேஜை. ஆளுக்கொரு தட்டில் முந்திரி. மேஜையின் வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் கடல் அணி என்றும் இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் வான் அணி என்றும் செழியன் அறிமுகம் செய்தார். முன்கூட்டியே அப்படிப் பிரியவில்லை, முதல் கூட்டத்தில் மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் பிரிந்தார்கள், பிறகு அதுவே கொள்கையாகிவிட்டது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

கடல் அணியின் தலைவர் ஒரு வயதான புலவர். தொண்டையைச் செருமிக்கொண்டு வேம்புவிடம் கேட்டார்.

“அம்மா, உங்கள் மகன் இறந்தது வானிலா, கடலிலா?”

வேம்பு கணவனைப் பார்த்தாள்.

“அதைத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?”

“அதில்தான் எல்லாமே இருக்கிறது. வானில் இறந்திருந்தால் பெயரில் வான் முதலில் வரும். கடலில் இறந்திருந்தால் கடல் முதலில் வரும். தாயாகிய நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு கூட்டம் மிச்சம்.”

வான் அணியிலிருந்து ஒருவர் எழுந்தார். “விழுந்துகொண்டிருக்கும்போது, பாதி வழியில் இறந்திருந்தால்?”

“நல்ல கேள்வி” என்றார் செழியன். “குறித்துக்கொள்ளுங்கள்.”

“எனக்கு எப்படிங்க தெரியும்” என்றாள் வேம்பு. “ஹெலிகாப்டர் விழுந்துடுச்சுன்னு…”

மணி அடித்தது. கூட்டம் நடக்கிற அன்றைக்கு மணிக்காரருக்கு மேஜை ஓரத்திலேயே நாற்காலி.

“உலங்கு வானூர்தி என்று சொல்லுங்கள் அம்மா.”

“அது விழுந்துடுச்சுங்க. ஒரு ஆபீசர்…”

மணி.

“…போன் பண்ணினாரு…”

மணி.

“அவரு சொன்னது ஒண்ணும் எனக்குப் புரியலை. ‘சாரி மேடம், சாரி மேடம்’னு…”

மணி நாலு தடவை அடித்தது. மணிக்காரர் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒழுங்காக இடைவெளி விட்டார். வேம்பு பேசுவதை நிறுத்திவிட்டு, அது ஓயும் வரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்த பிறகும் தொடரவில்லை.

“தொடருங்கள் அம்மா. உங்கள் வாக்குமூலம் உருக்கமாக இருக்கிறது” என்றார் புலவர், முந்திரியை எடுத்துக்கொண்டே.

“அவ்வளவுதாங்க.”

மேஜையின் கடைசியில் ஒருவர் இதுவரை பேசாமல் இருந்தார். ஜாஃபர் சாதிக். குவைத்துத் துறைமுகத்தில் பல வருஷம் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். அதனால் நடுவத்தில் அவர் கடல்சார் வல்லுநர். அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“கடற்படை விமானப் பிரிவுன்னு போட்டுட்டா என்னங்க?”

அறையில் எல்லோரும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

“விமானம் வடமொழி” என்றார் புலவர்.

“பிரிவு என்பது துக்கச் சொல்” என்றார் வான் அணிக்காரர்.

“அப்ப கடற்படை மட்டும் மிச்சம். மிச்சத்தையே எழுதிக் குடுத்துடலாம். பாவம், அவங்க வீடு…”

செழியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஜாஃபர் சாதிக் ஐயா, உங்கள் சொல்லில் ஒரே ஒரு குறைதான். கேட்டவுடனே புரிந்துவிடுகிறது. கேட்டவுடன் புரிகிற சொல்லுக்கு யாராவது அகராதியைப் புரட்டுவார்களா? அகராதியைப் புரட்டாவிட்டால் அகராதி போடுகிறவன் என்ன ஆவது? ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் ஒரு நிறுவனத்தைக் கைவிடச் சொல்கிறீர்களே.”

ஆர்ம் என்றால் கை, அதனால் ‘வான்கை’ என்று வைக்கலாம் என ஒருவர் சொல்ல, கப்பலுக்குக் கை ஏது என்று இன்னொருவர் கேட்க, கடல் அணி வெளிநடப்புச் செய்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் வெளிநடப்பு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. வான் அணியும் பின்னாலேயே போனது.

படியில் இறங்கும்போது ரெத்தினம் ஜாஃபர் சாதிக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், நீங்க சொன்னது நல்லாத்தானே இருந்துச்சு. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லக்கூடாதா?”

ஜாஃபர் சாதிக் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சொல்லலாம் அண்ணே. சொன்னா அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்க. வல்லுநர்னு போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கெல்லாம் பத்திரிகை அடிச்சுக் குடுத்துட்டேன். என் மக தஹ்மீனாவுக்கு ஆவணியில நிக்காஹ். அதுவரைக்குமாவது இதுல இருந்துக்குறேனே.”

*

நிலுவையில் இருப்பது ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கரையில் மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கூரை வீட்டுக்காரர்களுக்கும் ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் மெயின்ரோட்டுக்கு அப்பால் அடுக்குமாடியில் மாற்று வீடு எழுதிக் கொடுத்தார்கள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் கரையை முடிக்க வேண்டும். ரெத்தினம் வீட்டின் ரெண்டு பக்கச் சுவர் வரைக்கும் காங்கிரீட் வந்து நின்றது. விழுந்த பற்களுக்கு நடுவே ஒற்றைப் பல் மாதிரி வீடு துருத்திக்கொண்டிருந்தது.

மேஸ்திரி தினம் காலையில் வந்து வாசலில் நிற்பார்.

“பேர் வந்துச்சாண்ணே?”

“இன்னும் வரலைங்க.”

“சீக்கிரம் வைக்கச் சொல்லுங்கண்ணே. கம்பி துருப்பிடிக்குது.”

சாலையோரம் டீக்கடை வைத்திருந்த ஹாஜா மைதீனும் கடையை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார். “ரெத்தினண்ணே, பேசாம அடுக்குமாடியில ஒண்ணு கேட்டு வாங்கிக்குங்க. மாடியில காத்து நல்லா வருதாம்” என்றார்.

ரெத்தினம் தாலுகா ஆபீஸுக்குப் போய்க் கேட்டார்.

“உங்களுக்கு எப்படிக் குடுக்க முடியும்?” என்றாள் சுடர்விழி. “வீடு போனவங்களுக்குத்தான் மாற்று வீடு. உங்க வீடு போகலையே. நிலுவையிலல்ல இருக்கு.”

“ஒரு பேச்சுக்கு, பின்னாடி போயிடுச்சுன்னா?”

“அதான் போகாதே. நிலுவையில இருக்குற வரைக்கும் போகாது.”

“நிலுவை முடிஞ்சுட்டா?”

“முடிஞ்சா பட்டா வந்துடும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் நல்லதுதான். ஏன் பயப்படறீங்க?”

அந்தச் சித்திரையில் குழு களப்பணிக்காக வேளாங்கண்ணி போய்வந்தது. கடலும் வானும் சேருகிற இடத்தை நேரில் பார்த்தால்தான் ரெண்டையும் சேர்த்து ஒரு சொல் பிறக்கும் என்பது வான் அணியின் வாதம். குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனார்கள். பொரித்த மீன் சாப்பிட்டார்கள். ‘சேருமிடம் தொலைவில் அமைந்திருந்தமையால் அணுக இயலவில்லை’ என்று அறிக்கை கொடுத்தார்கள். மறுபடி ஒருமுறை படகோடு போக அனுமதி கேட்டிருந்தார்கள்.

வைகாசி பாதியில் மேலிருந்து யாரோ அதட்டினார்கள் போலிருக்கிறது. தண்ணீர் திறக்கிற தேதி வந்துவிட்டது, ஒரு பேருக்காகக் கரை நிற்கிறது என்று. நடுவத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

*

“அணிகளால் முடிவு செய்ய முடியாததை முன்னோர் எப்படி முடிவு செய்தார்கள்?” என்று கேட்டார் செழியன். அவரே பதிலும் சொன்னார். “குடவோலை.”

மேஜை நடுவே ஒரு மண்பானை. கழுத்தில் மஞ்சள் கயிறு. ஒவ்வொரு உறுப்பினரும் தமக்குப் பிடித்த சொல்லை ஓலை நறுக்கில் எழுதிப் போட்டிருந்தார்கள். பானைக்கு மாலை போட்டுப் புகைப்படம் எடுத்தாகிவிட்டது.

“சோழர் காலத்தில் ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். இன்று பள்ளிக்கூடம் திறந்திருப்பதால் குழந்தை கிடைக்கவில்லை.” அவர் பார்வை சுற்றிவந்து ரெத்தினத்தின் மேல் நின்றது. “நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்?”

“மூணாவதுங்க.”

“இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிகிறதா?”

“இல்லைங்க.”

“எந்தச் சொல் வந்தால் நல்லது என்று ஏதாவது அபிப்பிராயம்?”

“எது வந்தாலும் சரிங்க. சீக்கிரம் வந்தா போதும்.”

“அருமை. இவரே போதும். எழுந்து வாருங்கள்.”

ரெத்தினம் கையைப் பானைக்குள் விட்டார். மகன் பிறந்தபோது பேர் வைக்க இவ்வளவு பேர் கூடவில்லை. வந்த ஓலையைச் செழியனிடம் நீட்டினார். செழியன் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படித்தார்.

“நாவாய்சார் விண்ணூர் அணியம்.”

புலவர் எழுந்து கைகூப்பினார். அவர் எழுதிப் போட்டது.

“அணியம்னா கப்பலோட மூக்குத்தானே?” என்றார் ஜாஃபர் சாதிக், வாய்தவறி. “எங்க பக்கம் மரக்கலத்துக்கு முன்பக்கத்தை அப்படித்தான் சொல்லுவாங்க. மூக்கு மட்டும் எப்படிங்க பறக்கும்?”

“புதுச் சொல் முதலில் தவறாகத்தான் ஒலிக்கும்” என்றார் செழியன். “பழகினால் சரியாகிவிடும். பழகாவிட்டால் மக்களின் தவறு.”

வேம்பு கணவன் காதருகே குனிந்தாள். “என்னவாம்?”

“பேர் வந்துடுச்சு.”

“என்ன பேரு?”

“நாவாய்… அப்புறம் கேட்டுச் சொல்றேன். வந்துடுச்சு. அதான் முக்கியம்.”

பஸ்ஸில் வரும்போது வேம்பு கொஞ்சம் அழுதாள். பட்டா கிடைத்ததும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றாள். மகன் செத்த பிறகு அவள் வீட்டைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

*

சொல் வெளியீட்டு விழாவை நடுவம் பெரிதாக வைத்தது. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம். மேடைப் பின்னணியில் அந்தப் பேர் ஆள் உயரத்துக்கு. ஒரே வரியில் அடங்காததால் ரெண்டாக மடித்திருந்தார்கள். மேடையின் ஓரத்தில் ரெத்தினமும் வேம்புவும். ஆளுக்கொரு பொன்னாடை.

செழியன் பேசினார்.

“இந்தக் குடும்பத்துக்கு நாம் பட்ட கடன் சிறிதல்ல. இவர்கள் மகன் மட்டும் இறக்காமல் இருந்திருந்தால் இப்படி ஒரு சொல் தேவை என்பதே தமிழுக்குத் தெரிந்திருக்காது. அந்த இளைஞன் உடல் கிடைக்கவில்லை என்று வருந்துகிறார்கள். நான் சொல்கிறேன், உடல் கிடைத்திருந்தால் அது மண்ணுக்குள் போயிருக்கும். சொல் கிடைத்திருக்கிறது. அது அகராதிக்குள் போகிறது.”

கைதட்டினார்கள். ரெத்தினத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குனிந்து எடுத்தார். ஹாஜா மைதீன்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“தஞ்சாவூர்ல. விழாவுல.”

“கிளம்பி வாங்க. பொக்லைன் வந்து நிக்குது உங்க வீட்டு வாசல்ல.”

“பேர் வந்துடுச்சுன்னு சொல்லுங்க பாய்.”

“சொன்னேன். பேர் வந்ததாலதான் வந்தோம்னு சொல்றாங்க.”

ரெத்தினம் எழுந்தார். வேம்புவும் எழுந்தாள். செழியன் ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு திரும்பினார்.

“உட்காருங்கள். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.”

“ஐயா, வீட்டை இடிக்கறாங்களாம். பொக்லைன்…”

மேடையோரம் மணி அடித்தது.

“நன்றியுரை மட்டும்தான் பாக்கி. சொல்லின் பெற்றோர் பாதியில் எழுந்து போனால் நாளை நாளிதழில் என்ன எழுதுவார்கள்?”

அவர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலியின் நுனியில். நன்றியுரையில் பந்தல் போட்டவர், சமையல்காரர், பானை செய்து கொடுத்தவர், மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். பிறகு நாட்டுப்பண். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ரெத்தினமும் அசையாமல் நின்றார். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்தபோது அதுவும் நின்றுவிட்டது.

*

அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீடு இல்லை. பொக்லைன்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹாஜா மைதீன் எடுக்க முடிந்த பாத்திரங்களைத் தன் கடை பெஞ்சில் அடுக்கி வைத்திருந்தார். சுடர்விழி மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த மரியாதை அவளிடம் எப்போதும் உண்டு.

“வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.”

“இடிச்சிட்டு என்னம்மா காத்திருந்தீங்க?” என்றாள் வேம்பு.

“நோட்டீஸ்ல கையெழுத்து வாங்கணுமே. ஆள் உள்ள இருந்திருந்தா நாங்க தொட்டிருக்க முடியாதும்மா. அவகாசம் குடுத்திருப்போம். பூட்டியிருந்துச்சு. ஆளில்லாத கட்டடம்னு ஆயிடுச்சு.”

“பேர் வந்தா பட்டா வரும்னு சொன்னீங்களே” என்றார் ரெத்தினம்.

“வரும்னுதான் நானும் நினைச்சேன். உத்தரவுல தரைப்படை, கடற்படை, வான்படைன்னு மூணுதான் இருக்கு. நடுவத்துலேர்ந்து வந்த பேர் மூணுலயும் இல்லை. பெரிய அதிகாரி பார்த்துட்டு, இது நாலாவது படை, இதுக்குச் சலுகை கிடையாதுன்னு எழுதிட்டார்.”

“இத்தனை மாசம் பேரே இல்லாம இருந்துச்சே. அப்பல்லாம் விட்டு வச்சிருந்தீங்களே.”

“பேர் இல்லாததை எப்படிங்க தள்ளுபடி பண்ண முடியும்? என்னன்னு எழுதித் தள்ளுபடி பண்றது? இப்ப பேர் இருக்கு.”

“அடுக்குமாடியில ஒண்ணு…”

“அந்தப் பட்டியலை மூடிட்டாங்க. அப்ப நீங்க நிலுவையில இருந்தீங்க.”

மேஸ்திரி ஆட்களோடு வந்து இடிபாட்டை ஓரம் தள்ளத் தொடங்கினார். “தப்பா நினைக்காதீங்கண்ணே. கல்லணையில தண்ணி திறந்துட்டாங்களாம்” என்றார்.

வேம்பு தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துத் தரையில் விரித்தாள். ஹாஜா மைதீன் பெஞ்சிலிருந்த குண்டானையும் டம்ளர்களையும் எடுத்து வந்து அதில் வைத்தாள். சரிகை விறைப்பாக இருந்ததால் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

“மேல்முறையீடு ஒண்ணு குடுக்கலாம்மா” என்றாள் சுடர்விழி, பையிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டே. “உத்தரவுல நாலாவதா இந்தப் பேரையும் சேர்க்கச் சொல்லி. சேர்த்துட்டாங்கன்னா உங்களுக்குத்தான் முதல் சலுகை. நானே எழுதித் தர்றேன். நிரந்தர முகவரி சொல்லுங்க.”

“என்னது?”

“குடியிருக்குற இடம். அது இல்லாம வாங்க மாட்டாங்க.”

வேம்பு காங்கிரீட்டைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள்.

“எங்களுக்குன்னு குடுத்தது இப்ப அந்தப் பேரு ஒண்ணுதானே. அதையே போட்டுக்க தாயீ.”

சுடர்விழி பேனாவைத் திறந்தாள். “சரியா என்ன அது? நாவாய்…”

ரெத்தினம் வேம்புவைப் பார்த்தார். வேம்பு ரெத்தினத்தைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட பேர்தான். ரெண்டு பேருக்கும் வாயில் வரவில்லை.

“இருங்க, அவங்க அனுப்பின தாள் இருக்கு” என்று சுடர்விழி கோப்பைப் புரட்டி, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கட்டத்துக்குள் பாதிதான் அடங்கியது. மிச்சத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.